ஒரிஜினல் மிலிட்டரி குல்லாவும் ஒரு பொய்த் தேதியும்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி சைக்கிள் மிதிக்கப் போகிறவர்கள் இரண்டு குரல்களைக் கேட்காமல் திரும்ப முடியாது. ஒன்று, "சூடா மக்காச்சோளம்". இன்னொன்று, "சார், ஒரிஜினல் மிலிட்டரி கேப் சார்". காதை மூடுகிற மடல், நெற்றியில் சிவப்பு நட்சத்திரம், முயல் ரோமம் மாதிரி ஏதோ ஒன்று. எந்த ஊர் மிலிட்டரி என்று கேட்டால், பதில் கேட்பவரின் முகத்தைப் பொறுத்து மாறும். கண்ணாடி போட்ட காலேஜ் பையன் என்றால் ரஷ்யா. குடும்பத்தோடு வந்தவர் என்றால் காஷ்மீர் பார்டர். நரைத்த தலை என்றால், "சீனா சண்டை டைம் ஐயா, அறுபத்திரண்டு".

முதலிலேயே சொல்லிவிடலாம், இந்தப் பதிவின் சண்டை அந்தக் கடைக்காரரோடு இல்லை. குளிரில் நின்று தொப்பி விற்று நாலு காசு பார்க்கிறார், அவ்வளவுதான். "மிலிட்டரி" என்பது தமிழ்நாட்டில் ஒரு மசாலாப் பெயர். மிலிட்டரி ஹோட்டலில் யூனிஃபார்ம் போட்டவர் யாராவது குழம்பு கொதிக்க வைக்கிறாரா? கறி கிடைக்கும் என்று அர்த்தம், முடிந்தது. கொடைக்கானலிலேயே பேரிஜம் பக்கம் ஃபோர்ட் ஹாமில்டன் என்று ஓர் இடம் இருக்கிறது. மெட்ராஸ் படையின் அதிகாரி டக்ளஸ் ஹாமில்டன் பெயரில். ஃபோர்ட்டைத் தேடிப் போனால் கோட்டையைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும் :-)

சண்டை யாரோடு என்றால், அந்தத் தொப்பியை வாங்கிக்கொண்டு கீழே இறங்கி, கண்ணாடி அலமாரியில் வைத்து, பக்கத்தில் ஒரு அட்டையில் "1962, இந்திய - சீனப் போர்" என்று எழுதி வைக்கிற கனவான்களோடு. சேகரிப்பாளர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களோடு. அவர்கள் செய்வது வெறும் ஏமாளித்தனம் இல்லை. அது பொய்ச் சாட்சி. எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு தொப்பிக்கு எப்படி வயது பார்ப்பது என்பதைப் பார்த்துவிடலாம். அது தெரிந்தால் பாதிப் பேர் அலமாரியைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

கடைக்காரர் வாயிலிருந்து வருவது தேதி இல்லை. தேதி தையலில் இருக்கிறது, நூலில் இருக்கிறது, உள்பக்கத் துணியில் இருக்கிறது. முதல் வேலை, தொப்பியின் உள்ளே தொங்குகிற பிசிறு நூல் ஒன்றை எடுத்து (கடையில் வைத்து வேண்டாம், வீட்டுக்குப் போய்) இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுவது. கம்பளி என்றால் முடி கருகுகிற வாடை வரும், தீயை எடுத்ததும் அணையும், சாம்பலை விரலால் தொட்டால் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகும், சொட்டும், கடைசியில் கறுப்பாய் கெட்டியான ஒரு மணி மிஞ்சும். அமெரிக்காவின் டுபாண்ட் கம்பெனி ஆர்லான் என்ற பெயரில் அக்ரிலிக் இழையை வணிக ரீதியில் கொண்டுவந்தது 1950ல். எனவே உருகி மணியாகிற "இரண்டாம் உலகப் போர்" குல்லா எதுவும் அந்தப் போரைப் பார்க்கவில்லை. ஒரு தீக்குச்சி செலவு.

அடுத்தது கள்ள நோட்டு பார்க்கிற அந்த நீல லைட். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் துணியையும் நூலையும் வெள்ளையாகக் காட்டும் ரசாயனங்கள் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன. அவை அந்த லைட்டில் பளீரென்று மின்னும். மின்னினால் புதுசு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அங்கேதான் அரைகுறைகள் வழுக்கி விழுகிறார்கள். அதே ரசாயனம் துணி சோப்புத் தூளிலும் இருக்கிறது. தாத்தாவின் அசல் குல்லாவைப் பாட்டி நாலு தடவை சோப்புத் தூளில் ஊறப்போட்டிருந்தால் அதுவும் மின்னும். எனவே மின்னினால் சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது.

அப்புறம் லேபிள். இங்கேதான் இந்தியாவில் வளர்ந்தவனுக்கு வெள்ளைக்காரச் சேகரிப்பாளனைவிட வசதி அதிகம். லேபிளில் கம்பெனி முகவரியும் ஆறு இலக்கப் பின்கோடும் இருந்தால் அது 1972க்கு முந்தியது கிடையாது. பின்கோடு வந்ததே அந்த வருஷம் ஆகஸ்ட் 15ல்தான். கான்பூரின் பெயரை வெள்ளைக்காரன் பாணி ஸ்பெல்லிங்கில் அச்சடித்திருந்தால் அது பெரும்பாலும் 1948க்கு முந்தியது. மெட்ராஸ் என்று இருந்தால் 1996க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அளவு அங்குலக் கணக்கில் இருக்கிறதா, சென்டிமீட்டரிலா என்று பாருங்கள். மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956ல் வந்தது. சென்டிமீட்டரில் அளவு போட்ட தொப்பியைக் காட்டி "1944, கான்பூர் மில் தயாரிப்பு" என்று ஒருவர் சொன்னால், மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

முத்திரைகளும் உண்டு. பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கு மேல்நோக்கிய அம்புக்குறி போடுவார்கள். இந்தியத் தயாரிப்பு என்றால் அம்புக்குறியோடு ஆங்கில 'ஐ' எழுத்து. அந்த அம்புக்குறி இன்னும் சாகவில்லை. ரோட்டில் ராணுவ லாரி போனால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள், முதலில் அம்புக்குறி, அதன் பின்னால் இரண்டு இலக்கம். அந்த இரண்டு இலக்கம்தான் வண்டி படையில் சேர்ந்த வருஷம். அமெரிக்கத் தொப்பி என்றால் லேபிளில் உள்ள ஸ்டாக் நம்பரை எண்ணினாலே போதும். 11 இலக்கம் என்றால் 1974க்கு முந்தைய முறை, 13 இலக்கம் என்றால் அதற்குப் பிந்தையது. சோவியத் உஷாங்கா என்றால் உள்பக்கத் துணியில் மையால் அளவும் வருஷமும் குத்தியிருப்பார்கள். அந்த உஷாங்காவே செம்படையில் பொதுவுக்கு வந்தது 1940ல்தான். 1939 - 40 குளிர்காலத்தில் பின்லாந்தோடு நடந்த சண்டையில் பழைய கூம்புத் தொப்பி காதைக் காப்பாற்றவில்லை என்று தெரிந்த பிறகு. சாதாரணச் சிப்பாய்க்குக் கொடுத்தது பெரும்பாலும் செயற்கை ரோமம். ரஷ்யர்களே அதை "மீன் ரோமம்" என்று கிண்டல் செய்வார்கள். மீனுக்கு ஏது ரோமம்! ஏரிக்கரையில் "ஒரிஜினல் முயல்" என்று விற்பதும் அந்த ஜாதி முயல்தான்.

மை முத்திரையைப் பார்த்ததும் உருகிவிட வேண்டாம். ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. பழசாக்குகிற வித்தையும் பெரிய வித்தை இல்லை, டீ டிகாஷனில் முக்கிக் காயப்போட்டால் ஒரே ராத்திரியில் ஐம்பது வயசு கூடிவிடும். ஆனால் டீக்குப் பாரபட்சம் பார்க்கத் தெரியாது. மடிப்பின் உள்ளே, தையலின் அடியில், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படியும். மனிதன் போட்ட தொப்பி அப்படி இருக்காது. நெற்றி படுகிற இடத்தில் வேர்வையின் கறை, வெளிப்பக்கம் வெயிலில் வெளுத்திருக்கும், மடிப்பைப் பிரித்தால் உள்ளே பழைய நிறம் அப்படியே இருக்கும்.

இவ்வளவும் பார்த்தாலும் கிடைப்பது "இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்பது மட்டும்தான். 1943 என்று குத்திய தொப்பி கிடங்கில் தூங்கிவிட்டு 1950ல் ஒரு தலைக்குப் போயிருக்கலாம். வருஷ முத்திரை பிறந்த தேதி, வேலைக்குச் சேர்ந்த தேதி இல்லை. இந்தச் சின்ன வித்தியாசம்கூடத் தெரியாமல்தான் அட்டையில் போரின் பெயரை எழுதுகிறார்கள்.

சரி, பொய்ச் சாட்சிக்கு வருவோம். ஒரு சிப்பாயின் குளிர்காலத் தொப்பி என்பது என்ன? வாள் மாதிரி, மெடல் மாதிரி வீரத்தின் அடையாளமா? கிடையாது. "இவனுக்கும் காது இருக்கிறது, அது உறைந்து போகும்" என்று எங்கோ ஒரு ஆபீஸில் யாரோ ஒருவர் யோசித்ததற்கான அத்தாட்சி அது. யோசிக்காமல் விட்ட வருஷங்கள் வரலாற்றில் நிறைய. 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படை மார்சே துறைமுகத்தில் இறங்கியது, உடம்பில் வெப்ப நாட்டுக்கான காக்கிப் பருத்தி உடுப்பு. அதோடு ஐரோப்பியக் குளிரின் வாசலில் போய் நின்றார்கள். 1941 டிசம்பரில் மாஸ்கோ வாசலில் ஜெர்மன் படை விறைத்துக் கிடந்தபோது, கோயபல்ஸ் ரேடியோவில் வந்து கம்பளியும் ரோம உடுப்பும் தாருங்கள் என்று பொதுமக்களிடம் கையேந்தினார். உலகத்தையே பிடிக்கக் கிளம்பியவர்கள் குல்லா எடுத்து வைக்க மறந்துவிட்டார்கள்.

1962ம் அந்த வரிசையில் வருகிற வருஷம்தான். அக்டோபர் 20ல் சண்டை ஆரம்பித்தபோது நாம்கா சூ ஆற்றங்கரையில் நின்ற ஜவான்களில் பலர் உடம்பில் இருந்தது கோடை உடுப்பு, காலில் கான்வாஸ் ஷூ. அங்கே படைக்குத் தலைமை தாங்கிச் சிறைப்பட்ட பிரிகேடியர் ஜான் தல்வி, திரும்பி வந்து 1969ல் 'ஹிமாலயன் பிளண்டர்' என்று புத்தகமே எழுதினார். குளிர் உடுப்பு இல்லாமல் மலைக்கு அனுப்பியது அந்தத் தோல்வியின் கதையில் ஒரு முக்கியமான அத்தியாயம்.

இப்போது அந்தக் கண்ணாடி அலமாரிக்குத் திரும்பி வாருங்கள். பஞ்சு வைத்துத் தைத்த, காது மடல் வைத்த, கதகதப்பான ஒரு தொப்பி. பக்கத்தில் அட்டை: "1962". பார்க்கிற பையன் என்ன நினைப்பான்? அடடா, அன்றைக்கே நம் சிப்பாய்களுக்கு எவ்வளவு நல்ல தொப்பி என்று நினைப்பான். இல்லாத தொப்பி இருந்ததாக ஒரு பொருளே வந்து சாட்சி சொல்கிறது. யாரோ கணக்கில் விட்ட குற்றத்தை ஒரு சுற்றுலாப் பயணி இலவசமாகக் கழுவிக் கொடுத்துவிட்டார். தேதியைச் சரியாகப் பார்ப்பது ஏதோ வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

"அதெல்லாம் பழங்கதை, இப்போ எல்லாம் சரியாகிவிட்டது" என்று சொல்பவர்களுக்கு: 2015 - 16 முதல் 2017 - 18 வரையிலான காலத்தைப் பார்த்து, சியாச்சின் போன்ற உயரங்களில் பனிக்கண்ணாடிக்குத் தட்டுப்பாடு, முகமூடியும் ஜாக்கெட்டும் தூங்கும் பையும் பழைய தரத்திலேயே வாங்கப்பட்டன என்று எழுதியது மத்திய தணிக்கைத் துறை. அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது 2020 பிப்ரவரியில்.

இந்த இடத்தில் மங்கி கேப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொடைக்கானலுக்கு வருகிற சமவெளி அப்பாக்கள் மாட்டிக்கொண்டு, பிள்ளைகளால் ஓட்டப்படுகிற அதே குரங்குக் குல்லா. ஏரிக்கரையில் இருப்பவற்றிலேயே உண்மையான ராணுவ வம்சம் அதற்குத்தான். 1854ல் கிரிமியப் போரில் குளிரில் வாடிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வீட்டுப் பெண்கள் பின்னி அனுப்பிய குல்லா அது. சண்டை நடந்த ஊரான பாலக்லாவாவின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது 1880கள் வாக்கில்தான். பெயரை வைத்துத் தேதி சொல்பவர்கள் இங்கேயும் கவிழ்வார்கள். சிவப்பு நட்சத்திரம் வைத்த போலிக்குப் பேரம் பேசிவிட்டு, தலையில் மாட்டியிருக்கும் அசல் வாரிசைக் கழற்றிப் பைக்குள் ஒளிக்கிற காட்சியை எங்கே போய்ச் சொல்ல!

கொடைக்கானல் 7,000 அடி. டால்பின் நோஸ் பாறையில் நின்று கீழே பார்த்தால் பெரியகுளம் பக்கத்துச் சமவெளி தெரியும், தேனி மாவட்டம். 2016 பிப்ரவரி 3ல் சியாச்சினில் சோனம் முகாமின் மேல் பனிச்சுவர் சரிந்தது. உயரம் 19,600 அடி. உள்ளே இருந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் 19வது பட்டாலியன். ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டி எடுக்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11ல் போய்விட்டார். இறந்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் நான்கு பேர், தேனி, மதுரை, வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து. கொடைக்கானல் குளிரையே பெரிதாகப் பேசுகிற மண்ணிலிருந்து போனவர்கள்.

இதே மாவட்டங்களில் ஓய்வு பெற்று வந்த சிப்பாய்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வீட்டுப் பரணில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி, மேலே வெள்ளை பெயிண்டில் நம்பரும் பேரும். உள்ளே லடாக்கிலோ சிக்கிமிலோ தலையில் இருந்த ஒரு கம்பளிக் குல்லா. அதற்கு மை முத்திரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது, எந்த வருஷம் எந்த யூனிட் என்று. விளிம்பில் நம்பரும் பேரும் பொறித்த மெடல் இருக்கிறது. சியாச்சின் மெடல் என்றால் 1984க்கு முன்னால் போகாது, படை அந்தப் பனியில் ஏறியதே அந்த வருஷம் ஏப்ரல் 13ல்தான். ஒரு போட்டோ இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதைப் போட்டவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், கேட்டால் சொல்வார். உலகத்தில் எந்த ஏலக் கடையிலும் இப்படிச் சாட்சியோடு தொப்பி கிடைக்காது. ஒருவரும் போய்க் கேட்பதில்லை. ஏன்? அது கவர்ச்சியாக இல்லை. பழுப்பு நிறம், ஒரு பக்கம் பூச்சி அரித்திருக்கிறது, நட்சத்திரம் கிடையாது.

"எல்லாருக்கும் கொடுத்த தொப்பி சார், அதில் என்ன அபூர்வம்?" என்று ஒரு வாதம் வரும். எல்லாருக்கும் கொடுத்ததால்தான் யாரும் எடுத்து வைக்கவில்லை. தளபதியின் வாள் மியூசியத்தில் இருக்கும். சிப்பாயின் குல்லா சைக்கிள் துடைக்கப் போகும். இன்னும் ஒரு ஐம்பது வருஷம் கழித்து எது அபூர்வம் என்று பார்க்கலாம்.

இன்னொரு கூட்டம் உண்டு. கழுகும் ஸ்வஸ்திகாவும் போட்ட ஜெர்மன் தொப்பி வேண்டுமாம். போலிகள் மலிந்த சரக்கு அது என்பது ஒரு பக்கம். அந்தப் படையை எதிர்த்து இத்தாலியில் 1944ல் சண்டை போட்ட இந்தியப் படையில் மெட்ராஸ் சாப்பர்களும் இருந்தார்கள் என்பது இன்னொரு பக்கம். தாத்தாவைச் சுட்டவனின் தொப்பிக்கு அலமாரி, தாத்தாவின் தொப்பிக்குப் பரண். ரசனை அவரவர் விருப்பம் என்பார்கள். இருக்கட்டும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. தொப்பி வைத்திருப்பது குற்றமில்லை. ராணுவத்தான் என்று மற்றவர்கள் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடுப்பைப் போட்டுத் திரிவதுதான் குற்றம், முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 140வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 168வது பிரிவு. வரலாற்று மதிப்புள்ள பொருளுக்கு நூறு வயது தாண்டிவிட்டால் 1972ம் வருஷத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும், வெளிநாட்டுக்கு விற்க முடியாது. முதல் உலகப் போர்ச் சாமான்கள் எல்லாம் இப்போது அந்த வயதைத் தாண்டியாயிற்று.

ஏரிக்கரையில் நட்சத்திரத் தொப்பி வாங்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. வாங்குங்கள், போட்டுக்கொள்ளுங்கள், குதிரை மேல் உட்கார்ந்து போட்டோ எடுங்கள். அட்டையில் வருஷம் மட்டும் எழுதாதீர்கள். எழுதியே தீர வேண்டுமென்றால் வாங்கிய வருஷத்தை எழுதுங்கள், அது ஒன்றுதான் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த தேதி.

தை பிறப்பதற்கு முந்தின நாள் போகி வரும், பரண் இறங்கும், "இந்தப் பழைய குல்லா எதுக்குடா, தூக்கிப் போடு" என்று ஒரு குரல் கேட்கும். பெரியப்பாவோ தாத்தாவோ படையில் இருந்த வீடு என்றால் அந்தக் குல்லாவைக் கொஞ்சம் பிடுங்கி வையுங்கள். ஒரு தாளில் யாருடையது, எந்த யூனிட், எந்த ஊரில் போட்டது, எந்த வருஷங்களில் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல் ஒன்றைச் சேர்த்து வையுங்கள். குல்லாவைப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, இரண்டு அந்துருண்டையைத் தனியாகத் துணியில் முடிந்து கம்பளியில் படாமல் பக்கத்தில் போடுங்கள். வீட்டில் வைக்க இடமில்லை என்றால் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் இருக்கிறது, பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்களின் மையம் இருக்கிறது, இரண்டு இடத்திலும் அருங்காட்சியகம் உண்டு, எழுதிக் கேட்கலாம். அதுவரை அதைத் துவைக்க மட்டும் வேண்டாம், முக்கியமாக சோப்புத் தூளில்.